முதல் அத்தியாயத்திலேயே செத்தவர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பாடு ஆனபிறகு, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கொலை நடந்தது. கொலையுண்டவர் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர். கொன்றவர்கள் ஆரஞ்சு நிற அங்கி தரித்த வாலிபப் பிள்ளைகள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நானும், என் சகதர்மிணியும், காலேஜில் படிக்கும் எங்கள் பேரனும். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். என் சகதர்மிணி "சிவ சிவா!" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியுடன் உள்ளே போய்விட்டாள். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நேயர்கள் பதற வேண்டாம். கொலை நடந்தது டெலிவிஷன் பெட்டிக்குள். 'மிஸ்ஃபிட்ஸ்' என்று ஒரு ஆங்கிலத் தொடர் நாடகம். 2009-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. எங்கும் ஒட்டாத பிள்ளைகள் என்று பெயரை மொழிபெயர்க்கலாம். சின்னச் சின்னக் குற்றங்கள் செய்து அகப்பட்ட சிலரைக் கோர்ட்டார் சிறைக்கு அனுப்பாமல், பொது இடத்தில் பெஞ்சுக்கு வர்ணம் பூசு, குப்பை பொறுக்கு என்று உத்தரவிட்டிருக்கிறார்கள். அவர்களை மேய்ப்பதற்கு ஒரு புரொபேஷன் உத்தியோகஸ்தர். முதல் நாளே ஒரு விசித்திரமான புயல் வருகிறது. புயலில் அகப்பட்டவர்களுக்கு அமானுஷ்ய சக்திகள் வந்துவிடுகின்றன. ஒருத்திக்குப் பிறர் மனத்தில் நினைப்பது காதில் கேட்கிறது. ஒருவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறான். ஒருவன் காலத்தையே பின்னுக்குத் திருப்புகிறான். பாவம், உத்தியோகஸ்தருக்கு மட்டும் வெறி பிடிக்கிறது. பிள்ளைகள் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள அவரைக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே! அவருடைய இடத்துக்கு வருகிற பெண்மணி செத்தவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள். அவளுக்கும் பின்னால் அதே கதிதான். இந்த நாடகத்துக்கு 2010-ஆம் வருஷம் பிரிட்டிஷ் அகாடமியார் சிறந்த தொடர் நாடகம் என்று பரிசு கொடுத்தார்கள். பரிசு தகாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்பேர்ப்பட்ட உத்தியோகத்தில் இருப்பவனுக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிஸி கொடுக்கும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

"தாத்தா, உங்களுக்குச் சிரிப்பே வரவில்லையா?" என்றான் பேரன்.

"புரொபேஷன் ஆபீஸரை இப்படியா கொல்வது?" என்றேன்.

"அவர் என்ன, உங்களுக்கு மாமனா, மச்சானா?"

நான் பதில் சொல்லவில்லை. தாகமாயிருக்கிறது என்று எழுந்து போனேன். அவன் கேட்ட கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். வயசானவர்களுக்கு நேர் வழி தெரியாது.

புரொபேஷன் ஆபீஸர் என்பவரை நம்முடைய சர்க்கார் காகிதங்களில் நன்னடத்தை அலுவலர் என்கிறார்கள். குற்றம் செய்தவன், அதிலும் முதன்முறை செய்தவன், வயது குறைந்தவன், அவனை ஜெயிலில் போட்டால் அங்கே இருக்கிற கைதேர்ந்த ஆசாமிகளிடம் மேல்படிப்புப் படித்துவிட்டு வருவான் என்பது எல்லா தேசத்தாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அவனை வீட்டிலேயே விட்டுவைத்து, ஒழுங்காக இருக்கிறானா என்று பார்த்துவர ஒரு மனிதரை நியமிக்கிறார்கள். அந்த மனிதர்தான் இவர். போலீஸ்காரர் அல்ல. வக்கீலும் அல்ல. கையில் தடி கிடையாது. கறுப்பு அங்கியும் கிடையாது. நாடகக்காரர்களுக்கு இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாமற் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு காலத்தில் இவர் கதாநாயகராகவே இருந்திருக்கிறார். 1959-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஏ.டி.வி. கம்பெனியார் 'புரொபேஷன் ஆபீஸர்' என்றே பெயர் வைத்து ஒரு தொடர் நாடகம் ஆரம்பித்து, 1962 வரை நடத்தினார்கள். ஜான் பால் என்ற நடிகர் பிலிப் மெயின் என்னும் ஆபீஸராக வந்தார். ஐரிஸ் கோப் என்னும் பெண் ஆபீஸராக ஹானர் பிளாக்மன் நடித்தாள். அதே 1959-ல்தான் டில்லியில் பரீட்சார்த்தமாக டெலிவிஷன் ஆரம்பமாயிற்று. சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆயிற்று. ஆகவே அந்த நாடகம் நடந்த காலத்தில் அதை நாங்கள் பார்க்க வழியில்லை. பின்னாளில் அதைப் பற்றிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஹானர் பிளாக்மன் பின்னால் என்ன ஆனாள் என்பது சினிமா பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 1962-ல் 'தி அவெஞ்சர்ஸ்' நாடகத்தில் சேர்ந்து, தோல் உடுப்பு அணிந்து ஜூடோ வித்தை காட்டிக் கெட்டவர்களைத் தூக்கித் தூக்கி எறிந்தாள். 1964-ல் ஜேம்ஸ் பாண்டு படத்தில் நடித்து உலகப் பிரசித்தி அடைந்தாள். கெட்டவர்களைத் திருத்துகிற வேஷத்தைவிட எறிகிற வேஷத்தில்தான் கீர்த்தி அதிகம் போலிருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு மூல புருஷர் ஒரு செருப்புத் தைக்கிறவர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்பவர் 1841-ஆம் வருஷம் ஒரு நாள் போலீஸ் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். குடிகாரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கந்தலும் அழுக்குமாக நின்ற அவனை அகஸ்டஸ் தாமே ஜாமீனில் எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து அவனைத் திரும்பக் கொண்டுவந்தபோது கோர்ட்டில் இருந்தவர்களுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. நீதிபதி அவனுக்கு ஒரு சென்ட் அபராதமும் செலவும் விதித்து அனுப்பினார். அதிலிருந்து அகஸ்டஸுக்கு இதே பைத்தியமாகிவிட்டது. 1859-ல் இறக்கும் வரையில் ஏறக்குறைய 2,000 பேரை இப்படி ஏற்றுக்கொண்டார். அவருடைய செருப்புக்கடை நொடித்தது. கோர்ட்டுச் சேவகர்களுக்கும் அவர்மேல் கோபம். ஒவ்வொருவனை ஜெயிலில் கொண்டுபோய் விடும்போதும் அவர்களுக்குக் கிடைக்கும் கட்டணம் அவரால் நின்றுபோயிற்று அல்லவா?

இங்கிலாந்தில் பிரெடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி 1876-ல் ஐந்து ஷில்லிங் நன்கொடையோடு ஒரு கடிதம் எழுதி இந்த வேலையைத் துவக்கிவைத்தார். 1907-ல் அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஆபீஸரின் கடமையாக மூன்று வார்த்தைகள் சொல்லியிருக்கின்றன: புத்தி சொல்லவேண்டும், உதவி செய்யவேண்டும், சிநேகிதனாக இருக்கவேண்டும். சர்க்கார் சட்டத்தில் சிநேகிதம் என்ற வார்த்தை எப்படி நுழைந்ததோ தெரியவில்லை! 2001-ல் அங்கே தேசிய சேவை என்று ஒன்று ஏற்பட்டபோது அமலாக்கம், பொதுஜனப் பாதுகாப்பு என்ற வார்த்தைகள்தான் முன்னுக்கு வந்தன. 2014-ல் அதில் பெரும் பகுதியைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகை விட்டார்கள். அது சரிப்பட்டு வராமல் 2021-ல் மறுபடி சர்க்காரே எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்தில், சென்னை மாகாணத்தில் சுதந்திரத்துக்கு முன்பே, 1936-ல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். பிறகு 1958-ல் தேசம் முழுமைக்குமாக நம்முடைய பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன் பதினான்காவது பிரிவைப் படித்துப் பார்த்தால் ஆபீஸர் விசாரிக்கவேண்டும், மேற்பார்வை செய்யவேண்டும், தேவையானால் வேலை தேடிக் கொடுக்க முயலவேண்டும், புத்தி சொல்லி உதவவேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. பழைய ஆங்கிலச் சட்டத்தின் வாசகமே பல இடங்களில் வந்திருக்கிறது. ஆனால் சிநேகிதத்தை மட்டும் காணோம். நகல் எடுத்தவர் மறந்துவிட்டாரோ, சட்டம் போட்டு வரக்கூடியதல்ல என்று வேண்டுமென்றே விட்டாரோ!

நிற்க. போலீஸ் நாடகத்துக்கு ஒரே கேள்விதான் உயிர்: யார் செய்தது? அதற்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்; விலங்கு மாட்டியவுடன் நாமும் படுக்கப் போகலாம். நன்னடத்தை ஆபீஸரின் கதை விலங்கு கழன்ற இடத்தில் ஆரம்பிக்கிறது. யார் செய்தது என்பது முதலிலேயே தெரியும். இனிமேல் என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு விடை வர இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். அப்படி வருகிற விடையும் எப்பேர்ப்பட்டது? ஒன்றும் நடக்கவில்லை என்பதே! பையன் இன்றைக்கும் திருடவில்லை, நாளைக்கும் திருடவில்லை. இதை எப்படி அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டுவது?

பேரனும் நானும் பின்னால் பார்த்த இன்னொரு நாடகத்தில் இந்தச் சங்கடம் நன்றாகத் தெரிந்தது. 'தி அவுட்லாஸ்' என்று பெயர், 2021-ல் பி.பி.சி.யார் ஒளிபரப்பியது. பிரிஸ்டல் நகரத்தில் ஏழு பேர் ஒரு பாழடைந்த கட்டடத்தைச் சுத்தம் செய்து தண்டனையைக் கழிக்கிறார்கள். இதைச் சிருஷ்டித்தவர்களில் ஒருவரான ஸ்டீபன் மெர்ச்சன்டின் பெற்றோர் பிரிஸ்டலில் இப்படித் தண்டனை வேலை செய்கிறவர்களோடு பணி செய்தவர்களாம். ஆகவே மனிதர்களை அவர் நன்றாக அறிந்திருக்கிறார். கிழவராக வருகிற கிறிஸ்டோபர் வாக்கன் ஒரு காட்சியில் சுவரிலுள்ள சித்திரத்தின்மேல் வர்ணம் பூசி அழிக்கிறார். அது பாங்க்ஸி என்னும் பிரசித்தி பெற்ற சித்திரக்காரர் மெய்யாகவே எழுதிய சித்திரமாம்! அவ்வளவு சிரத்தை. இருந்தாலும் சுவர் சுரண்டுவதை எத்தனை நேரம் பார்ப்பார்கள் ஜனங்கள்? ஆகவே ஒரு பணப்பை வருகிறது. போதை மருந்து விற்கிறவர்களின் பணம். ஏழு பேரும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் துரத்தல், மிரட்டல், துப்பாக்கி, சகலமும் உண்டு. மேற்பார்வை செய்கிற டயேன் என்ற அம்மாளாக ஜெஸிகா கன்னிங் நடிக்கிறாள். அவள் மிடுக்காக விதிமுறைகளை ஒப்பிக்க ஒப்பிக்க நமக்குச் சிரிப்பு. 1959-ல் கதாநாயகர், 2009-ல் பிரேதம், 2021-ல் விகடகவி. இதுதான் டெலிவிஷனில் இந்த உத்தியோகத்தின் வமிசாவளி.

இனிமேலும் சுற்றி வளைக்க இடமில்லை. பணப்பை என்று எழுதியாகிவிட்டது. என்னுடைய பணப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1971-ஆம் வருஷம். எனக்கு வயது பத்தொன்பது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாள். மூன்று தடவையாக வசூல் பணத்திலிருந்து நூற்று அறுபது ரூபாய் எடுத்தேன். நான்காம் தடவை பிடித்துவிட்டார்கள். தங்கைக்கு மருந்து வாங்குவதற்காக எடுத்தேன் என்று எழுத இப்போதும் கை துறுதுறுக்கிறது. நாடகமாயிருந்தால் அப்படித்தான் இருக்கும். உண்மை அதுவல்ல, கைக்கடிகாரம் வாங்குவதற்காக எடுத்தேன். மிச்சத்தில் சினிமா.

நான் செய்யவில்லை என்று கோர்ட்டில் சொல்ல வாய் வரவில்லை, ஒப்புக்கொண்டேன். மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொல்லுமுன் நன்னடத்தை ஆபீஸரிடம் அறிக்கை கேட்டார். ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளில் ஒரு மனிதர் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். கால்சராய் சங்கிலியில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் ஒரு க்ளிப் போட்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். என் தாயாரிடம் தண்ணீர் கேட்டார். அம்மா மோராகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவர் அவசரப்படுத்தாமல் மோரைக் குடித்து முடித்தார்.

இருபத்தொரு வயது நிரம்பாதவனை ஜெயிலுக்கு அனுப்புவதானால் ஏன் அனுப்புகிறேன் என்று நீதிபதி காரணம் எழுதவேண்டும் என்பது அந்த 1958-ஆம் வருஷத்துச் சட்டம். மாஜிஸ்திரேட் அப்படி எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார். மாதம் ஒரு முறை நான் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். ஆபீஸரும் மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவார்.

வருகிற மனிதர் யார் என்று தெருவில் கேட்கமாட்டார்களா? கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் நேராக அவரிடமே கேட்டார். அவர் கொஞ்சமும் தயங்காமல், "இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு" என்றார். இரண்டு வருஷமும் எங்கள் தெரு அதை நம்பிற்று. ஏழைப் பள்ளிக்கூட வாத்தியாரான என் தகப்பனார் இவ்வளவு பெரிய பாலிஸி எடுத்திருக்கிறாரே என்று ஒரு மரியாதைகூட ஏற்பட்டது. கடைசியில் எதிர்வீட்டுப் பெரியவர் தம் மாப்பிள்ளைக்கு ஒரு பாலிஸி வேண்டும் என்று வந்து நின்றபோது, மனிதர் சளைக்காமல் உண்மையான ஏஜெண்டு ஒருவரை அழைத்துவந்து அறிமுகம் செய்துவைத்தார். சர்க்கார் உத்தியோகஸ்தர் பொய் சொல்லலாமா என்று நேயர்கள் கேட்கலாம். கேளுங்கள், என்னிடம் பதில் இல்லை.

என் தகப்பனார் கோர்ட்டிலிருந்து வந்த நாள் முதல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆபீஸர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. வருகிறபோதெல்லாம், "ஸார், நீங்களும் வந்து இப்படி உட்காருங்கள்" என்று தகப்பனாரையும் திண்ணைக்குக் கூப்பிடுவார். மழை, நெல் விலை, பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் என்று பேச்சுப் போகும். நான் தூணருகில் நிற்பேன். ஏழாவது மாதம் என்று ஞாபகம். தகப்பனார் என் பக்கம் திரும்பி, "ஸாருக்குக் காப்பி கொண்டு வா" என்றார். ஆபீஸர் என்னைப் பார்க்கவில்லை. நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார்.

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை தேறினேன். அதற்கும் அவர் நச்சரிப்புத்தான் காரணம். பிறகு ஒரு அரிசி மில்லில் குமாஸ்தா வேலைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். அங்கே நடந்ததை நான் மறக்கமுடியாது. மில் முதலாளியிடம் என்னை நிறுத்தி, என் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னார். கடை, மூன்று தடவை, நூற்று அறுபது, கைக்கடிகாரம் வரையில். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"இவன் கையில் பணம் கொடுக்கலாமா?" என்றார் முதலாளி.

"கொடுத்துப் பாருங்கள். போனால் என்னிடம் வாருங்கள்" என்றார் அவர். அவருடைய சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியாது. அந்த சைக்கிளைப் பார்த்தால் ஒருவாறு ஊகிக்கலாம்.

முதலாளி பொல்லாத மனிதர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு காக்கிப் பையை என் கையில் கொடுத்து, "பாங்கியில் கட்டிவிட்டு வா" என்றார். பையில் இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மில்லிலிருந்து பாங்கிக்கு ஒரு மைலுக்குக் குறைவு. வழியில் பஸ் ஸ்டாண்டு. திருச்சிராப்பள்ளி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறியிருந்தால் நல்ல நாடகமாகியிருக்கும். நான் ஏறவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். சட்டை முழுதும் வியர்வை. பாங்கியில் மூன்று தடவை எண்ணினேன். குமாஸ்தா, "என்ன தம்பி, முதல் தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சலானில் முத்திரை குத்திக் கொடுத்தார். கொண்டுவந்து முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைக் கம்பியில் குத்திவிட்டு, "சாக்குக் கணக்கை எழுது" என்றார்.

அவ்வளவுதான் என் பணப்பையின் கதை. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. பின்னால் யாராவது சைக்கிளில் வந்தார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வந்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் முடிந்த அன்று ஆபீஸர் தம் புஸ்தகத்தில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். "இனிமேல் நீ இங்கே வரவேண்டியதில்லை, தம்பி" என்றார். நமஸ்காரம் செய்தேன். சில மாதங்களில் அவருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிவிட்டது. அப்புறம் அவரை நான் பார்க்கவேயில்லை. இப்படி விடுதலையானவனுக்குத் தீர்ப்பினால் உத்தியோகத் தகுதிக் குறைவு எதுவும் வராது என்று அதே சட்டத்தில் பன்னிரண்டாம் பிரிவு சொல்கிறது. 1974-ல் ஒரு கூட்டுறவு பாங்கியில் சேர்ந்தேன். 2010-ல் ஓய்வு பெறும் வரையில் முப்பத்தாறு வருஷம் பிறத்தியார் பணத்தை எண்ணினேன். கைக்கடிகாரம் மட்டும் கட்டிக்கொண்டதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், மணிக்கட்டில் அரிப்பு எடுக்கிறது என்பேன்.

1979-ல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டார் வேறு ஜில்லா. என் தகப்பனாரும் தாயாரும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. என் பெண்ணுக்குத் தெரியாது, பேரனுக்கும் தெரியாது. ரிடையரான வருஷத்தில் என் சகதர்மிணி ஆசையாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அது இன்னும் பெட்டியோடு பீரோவில் இருக்கிறது. அதற்காக அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

போன வாரம் பேரன் அவுட்லாஸ் நாடகத்தின் கடைசி அத்தியாயத்தைப் போட்டுக்கொண்டே, "இந்த வேலைக்கெல்லாம் யார் தாத்தா போவார்கள்?" என்று கேட்டான். ஒருவரை எனக்குத் தெரியும் என்றேன். "நிஜமாகவா? எப்படித் தெரியும்?" என்றான். இன்ஷூரன்ஸ் விஷயமாக நம் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார் என்று சொல்லிவைத்தேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வரும். முதலில் அது என் சகதர்மிணியின் கைக்குத்தான் போகும். அவள் அட்டையிலிருந்து ஆரம்பித்து விளம்பரங்கள் உட்பட ஒன்று விடாமல் படிக்கிறவள். கட்டுரையின் அடியில் என் பெயரைப் போடவேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதலாமா என்று ஒரு நாள் முழுதும் யோசித்தேன். எழுதவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்காரும் நேரத்தில், நான் வாசல் திண்ணையில் இருப்பேன்.